டாரோ விரித்தால் குழப்பமே மிஞ்சுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

படம் பார்த்துக் குறி சொல்லும் டாரோ சீட்டுக்கட்டு வாங்கியாயிற்று. மூன்று அட்டைகளை வரிசையாக வைத்தும் ஆயிற்று. கூடவே வந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினால், அதில் எழுதியிருப்பதற்கும் மனதில் ஓடும் கேள்விக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இந்தக் கட்டத்தில் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டவர்கள் மொரீஷியஸில் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். பெரும்பாலும் கோளாறு சின்னதுதான். எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கீழே உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

அதற்கு முன் அடிப்படை. விரிப்பு என்பது அட்டைகளை வைக்கும் இடங்களின் ஏற்பாடு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வி ஒதுக்கியிருக்கும்: இங்கே விழுவது தடை, இங்கே விழுவது உதவி, இப்படி. ஒரே அட்டை தடைக்கான இடத்தில் ஒன்று சொல்லும், உதவிக்கான இடத்தில் வேறொன்று சொல்லும். குழம்புகிறவர்கள் பெரும்பாலும் அட்டையின் பொருளைத் தேடி அலைகிறார்கள். இடத்தின் பொருளை முதலில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளம்புவதுதான்.

நம்பிக்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அட்டைகள் எதிர்காலத்தை அறிந்திருக்கின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. டாரோ 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வெறும் சீட்டாட்டமாகத்தான் தொடங்கியது. எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய நூல் என்ற கதையை 1781இல் பிரான்சில் குர் தெ ஜெபெலன் என்பவர் எழுதினார். அதையொட்டித்தான் குறி பார்க்கும் பழக்கம் அங்கே சூடுபிடித்தது. ஆனால் ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, தள்ளிப்போட்ட ஒரு விஷயத்தைப் பத்து நிமிஷம் நேராகப் பார்க்க முடியும். அந்த அளவுக்கு இது உதவும். கிளி ஜோசியத்தில் கிளி சீட்டை எடுக்கும், ஜோசியர் பாட்டாகப் படிப்பார், நாம் தலையாட்டுவோம். டாரோவில் படத்தைப் பார்த்துப் பேச வேண்டியவர் கேள்வி கேட்ட நீங்கள்தான்.

"புத்தகத்தில் சொல்லும் படம் என் அட்டையில் இல்லவே இல்லை"

இது நம் தீவுக்கே உரிய தொந்தரவு என்று சொல்லலாம். 1810 வரை பிரெஞ்சு ஆட்சி, அதன் பிறகு 1968 வரை ஆங்கிலேய ஆட்சி. கடைகளிலும் அப்படித்தான்: ஒரு தட்டில் பிரெஞ்சுப் புத்தகம், பக்கத்துத் தட்டில் ஆங்கிலப் புத்தகம். டாரோவும் இரண்டு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. பிரான்சில் இருக்கும் சித்தி அனுப்பிய கட்டு மார்செய் டாரோவாக இருக்கும்; நீங்கள் இணையத்தில் படிப்பது ரைடர்-வெயிட் கட்டுக்கு எழுதிய விளக்கமாக இருக்கும். இரண்டையும் கலந்தால் எதுவும் பொருந்தாது.

எது உங்களிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் அட்டை போதும். கோப்பை இனத்தில் ஐந்தை எடுங்கள். கறுப்பு அங்கி போட்ட ஒருவர் தலை குனிந்து நிற்க, முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்தும் பின்னால் இரண்டு நிமிர்ந்தும் இருந்தால் அது ரைடர்-வெயிட் வழி. ஆளே இல்லாமல் ஐந்து கோப்பைகளும் பூங்கொடியும் மட்டும் இருந்தால் மார்செய் வழி.

ரைடர்-வெயிட் கட்டு 1909இல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தார். 78 அட்டைகளில் 22 பெரிய அட்டைகள் (துறவி, கோபுரம் போன்ற தனிப் படங்கள்), 56 சிறிய அட்டைகள் (கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு இனமாக வருபவை). சிறியவைக்கும் பெரும்பாலும் மனிதர்களை வைத்துக் காட்சி வரைந்ததுதான் அந்த அம்மாவின் பெரிய காரியம். (பெட்டியில் பதிப்பாளர் பெயரும் வெயிட் பெயரும் ஒட்டிக்கொண்டன, வரைந்தவர் பெயர் வெகுகாலம் வெளியே வரவில்லை. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.) அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தக் கட்டு சுலபம். படத்தைப் பார்த்தாலே ஏதோ ஒன்று சொல்லத் தோன்றும்.

மார்செய் கட்டு வைத்திருப்பவர் அதைத் தூக்கிப் போட வேண்டாம். முதல் சில மாதங்களுக்குப் பெரிய அட்டைகள் 22ஐ மட்டும் தனியாகப் பிரித்து வைத்துப் பழகுங்கள்; பிரான்சில் பலரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அப்புறம் சிறியவைக்கு வரும்போது ஒரு சிக்கல் காத்திருக்கும்: வாளும் கோலும் ஒன்று போலவே தெரியும். வளைந்து முட்டை வடிவில் சூழ்ந்து நிற்பவை வாள். நேராக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது கோல். கோப்பையையும் காசையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. இந்த நான்கு இனங்களுக்கும் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: கோல் செயலும் முனைப்பும், கோப்பை உறவும் மனசும், வாள் யோசனையும் சண்டையும், காசு பணமும் உடம்பும் வீடும். எண்ணையும் இனத்தையும் சேர்த்துத்தான் மார்செய் சிறிய அட்டையைப் படிக்க வேண்டும்; காட்சியைத் தேடக் கூடாது.

"சிலுவை விரிப்பில் கூட்டினால் ஒவ்வொரு புத்தகத்திலும் வேறு விடை"

இது மேலே சொன்ன கலப்படத்தின் தங்கச்சி. பிரெஞ்சுக்காரர்கள் திராழ் ஆன் க்ருவா என்று சொல்லும் விரிப்பு நம் ஊரில் பிரெஞ்சுப் புத்தகம் படிப்பவர்களிடம் பழக்கம். 22 பெரிய அட்டைகளை மட்டும் கலைத்து நான்கு எடுப்பார்கள். இடது பக்கம் கேள்விக்குச் சாதகமானது, வலது பக்கம் எதிரானது, மேலே இரண்டையும் எடைபோடும் நீதிபதி, கீழே விஷயம் போய் முடியும் இடம். நடுவில் ஐந்தாவது அட்டை சாரம். அதை எடுக்க மாட்டார்கள், கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பார்கள். நான்கு அட்டைகளின் எண்களைக் கூட்ட வேண்டும். 22ஐத் தாண்டினால் இலக்கங்களை மறுபடி கூட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு, சாதகத்தில் 9 துறவி, எதிரில் 4 அரசர், மேலே 8 நீதி, கீழே 16 கோபுரம். மொத்தம் 37; மூன்றும் ஏழும் பத்து. நடுவில் 10, அதாவது சக்கரம். காலம் மாறுகிறது, பிடித்து நிறுத்த முடியாது என்று அதைச் சுற்றிப் பேசலாம்.

இதையே ரைடர்-வெயிட் கட்டில் செய்து பாருங்கள். வெயிட் இரண்டு அட்டைகளின் எண்களை இடம் மாற்றியிருக்கிறார்: மார்செயில் 8ஆக இருந்த நீதி அவரிடம் 11, 11ஆக இருந்த வலிமை அவரிடம் 8. அதே நான்கு படங்கள், அதே இடங்கள். ஆனால் மொத்தம் 40, சாரம் 4. அரசர் ஏற்கெனவே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்! முதல் கட்டில் "விடு, மாறும்" என்றது, இரண்டாவதில் "உன் எதிரில் இருக்கும் அதிகாரம்தான் முழு விஷயமும்" என்று ஆகிவிடுகிறது.

சரிசெய்வது எளிது. இந்த விரிப்பை மார்செய் எண்களோடு மட்டும் செய்யுங்கள். உங்களிடம் ரைடர்-வெயிட்தான் இருக்கிறது என்றால் நீதியை 8 என்றும் வலிமையை 11 என்றும் மனதில் மாற்றிக்கொள்ளுங்கள். முட்டாள் அட்டைக்கு மார்செயில் எண்ணே கிடையாது, வெயிட்டிடம் 0. கூட்டும்போது 22 என்று கணக்கிடுவது பிரெஞ்சு வழக்கம். கூட்டுத்தொகை 22 வந்தாலும் நடுவில் முட்டாள்தான். நடுவில் வந்த எண் ஏற்கெனவே மேஜையில் இருக்கும் அட்டையாக இருந்தால் தப்பில்லை, அந்த இடத்துக்கு இரட்டைக் கனம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"கேள்வி கேட்டேன், சம்பந்தமில்லாத பதில் வருகிறது"

கேள்வியைத் தாளில் எழுதிப் பாருங்கள். பத்தில் எட்டு தடவை, எழுதும்போதே கோளாறு கண்ணில் பட்டுவிடும்.

ஒரு கற்பனை உதாரணம். எபேனில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கும் பெண், வக்வாவில் அம்மாவோடு இருக்கிறாள். அவள் கேட்கும் கேள்வி: "ஆஸ்திரேலியா போகக் கிடைக்குமா, போனால் நன்றாக இருப்பேனா, அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள்?" ஒரே மூச்சில் மூன்று. முதலாவது விசா அதிகாரியின் மேஜையில் இருக்கும் விஷயம். சீட்டுக்கு அதில் வேலை இல்லை. இரண்டாவது ஆம், இல்லை என்று பதில் எதிர்பார்க்கிறது. டாரோ படங்களில் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. மூன்றாவதுதான் உண்மையான கேள்வி. அதுவும் சீட்டிடம் கேட்பதற்கு முன்னால் அண்ணனிடம் கேட்க வேண்டியது.

இப்போது அதே கவலையை மூன்று இடங்களாகப் பிரிப்போம். முதல் இடம்: இங்கேயே இருந்தால் என் நாட்கள் எதில் கழியும்? இரண்டாவது: கிளம்பினால் எதைக் கடக்க வேண்டியிருக்கும்? மூன்றாவது: நான் பார்க்காமல் ஒதுக்குவது எது? இதை எழுதிய பிறகுதான் கலைக்க வேண்டும்.

ரைடர்-வெயிட் கட்டில் காசு எட்டு, வாள் ஆறு, காசு நான்கு என்று வந்தன என்று வைத்துக்கொள்வோம்.

முதல் இடத்தில் ஒருவன் பலகையில் உட்கார்ந்து ஒவ்வொரு காசாகத் தட்டிச் செதுக்குகிறான். கை திறமை கூடும், வேலை நிற்காது. ஆனால் ஊர் அவனுக்குப் பின்னால் தூரத்தில் இருக்கிறது. அவன் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறான். நல்லது, கெட்டது என்று முத்திரை குத்தாமல், அந்தப் பெண் இதைப் பார்த்து என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும். "வேலை பிடிக்கிறது, ஆனா பேச ஆள் இல்லை" என்று அவள் சொல்லக்கூடும். இரண்டாவது இடத்தில் ஒரு படகு. ஓட்டுபவன் கழியை ஊன்றித் தள்ளுகிறான், உள்ளே முக்காடு போட்ட ஒரு பெண், பக்கத்தில் ஒரு குழந்தை. ஆறு வாள்களும் படகிலேயே குத்தி நிற்கின்றன. கரை மாறினாலும் கவலைகள் கூடவே வரும் என்று பலரும் இதைப் படிப்பார்கள். எனக்கோ முதலில் கண்ணில் படுவது படகோட்டிதான்: தனியாகக் கடக்கிறாளா, அங்கே கை கொடுக்க யாராவது இருக்கிறார்களா? மூன்றாவது இடத்தில் ஒருவன் ஒரு காசைக் கட்டிப்பிடித்து, தலையில் ஒன்றை வைத்து, காலடியில் இரண்டை மிதித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். எதை விட மாட்டேன் என்கிறாள்? சேமிப்பையா, வீட்டையா, அல்லது அம்மாவை வேறு யாரும் சரியாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற எண்ணத்தையா?

முடிவு இதில் எங்கும் இல்லை. ஆனால் இன்று இரவு அண்ணனுக்கு ஒரு போன் போட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. மூன்று அட்டைகளிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

கேள்வியைத் திருத்தும்போது நினைவில் வைக்க வேண்டியது இது ஒன்றே: "நடக்குமா" என்று தொடங்கும் கேள்வியை "நான் என்ன செய்யலாம்" அல்லது "நான் எதைக் கவனிக்கவில்லை" என்று திருப்புங்கள். "எப்போது" என்று தொடங்குவதை விட்டே விடுங்கள். வாள் என்றால் வாரம், காசு என்றால் வருஷம் என்று கணக்குச் சொல்லும் புத்தகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும்.

"பத்து அட்டை வைத்தேன், தலை சுற்றுகிறது"

கெல்டிக் கிராஸ் என்ற விரிப்பை வைத்திருப்பீர்கள். இதைப் பரவலாக்கியவர் அதே வெயிட்தான். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இதுதான் முன்னால் நிற்கிறது, அதனால் புதியவர்களும் இதிலேயே குதிக்கிறார்கள். என்னைக் கேட்டால் மூன்று அட்டை விரிப்பு சலிக்கும் வரை பத்துப் பக்கம் போகவே வேண்டாம்.

போயே ஆக வேண்டும் என்றால், முதலில் இடங்களை எழுதுங்கள். வெயிட் சொன்னபடி: 1 விஷயத்தைச் சூழ்ந்திருப்பது, 2 அதன் மேல் குறுக்கே கிடக்கும் தடை, 3 தலைக்கு மேல், கைகூடக்கூடியதில் சிறந்தது, 4 அடியில் வேர், 5 பின்னால் கழிந்தது, 6 முன்னால் வரப்போவது. வலது ஓரத்தில் கீழிருந்து மேலாக 7 நான், 8 என் வீடும் சுற்றமும், 9 ஆசையும் பயமும், 10 போய்ச் சேருவது. மூன்று முதல் ஆறு வரையிலான இடங்களைப் பின்னால் வந்த புத்தகங்கள் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கின்றன. ஒரு புத்தகத்தைப் பார்த்து வைத்து இன்னொன்றைப் பார்த்துப் படித்தால் கழிந்தது வரப்போவதாகிவிடும். ஏதாவது ஓர் ஏற்பாட்டைத் தேர்ந்துகொண்டு அட்டையைத் திருப்புவதற்கு முன் தாளில் வரைந்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் பத்தையும் ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் படிக்காதீர்கள். ஜோடி ஜோடியாகப் பாருங்கள். 1, 2 சேர்ந்து விஷயத்தின் நெஞ்சு. நேரம் இல்லையென்றால் இதோடு நிறுத்தினாலும் குற்றமில்லை. 5, 6 சேர்ந்து காலம். 7, 8 சேர்ந்து நானும் வீட்டாரும்: இங்கே ஒன்று கோப்பை, மற்றது வாள் என்றால் ஒருவர் பாசத்தைப் பேசும்போது மற்றவர் கணக்குப் பேசுகிறார் என்று எடுத்துப் பார்க்கலாம். 9ஐத் தனியாகப் படிக்கவே முடியாது. 10க்குப் பக்கத்தில் வைத்தால்தான் அது ஆசையா பயமா என்று தெரியும். 3ஐயும் 10ஐயும் கடைசியாக ஒப்பிடுங்கள்: சிறந்ததாக எதைக் கற்பனை செய்தேன், பாதை எங்கே போகிறது.

பெரிய அட்டைகள் மூன்று வந்துவிட்டால் "விதி பேசுகிறது" என்று சிலர் மிரட்டுவார்கள். 78இல் 22 பெரியவை. பத்து எடுத்தால் சராசரியாகவே ஏறக்குறைய மூன்று வரும். ஆறு, ஏழு வந்தால் வேண்டுமானால் நிமிர்ந்து உட்காரலாம்.

"மரணம் வந்துவிட்டது"

பயப்பட வேண்டாம். பத்து அட்டை வைத்தால் இந்த அட்டை எட்டுக்கு ஒரு தடவை வரத்தான் செய்யும். அதற்கு ஏற்ப வீட்டில் யாரும் சாவதில்லை.

13ஆம் எண் அட்டை ஏதோ ஒன்று முடிகிறது என்ற பேச்சைத் தொடங்கிவைக்கும், அவ்வளவுதான். மார்செய் கட்டில் இதற்குப் பெயரே எழுதுவதில்லை. அரிவாள் பிடித்த எலும்புக்கூடு, எண் மட்டும். ரைடர்-வெயிட்டில் கவசம் அணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது, ராஜா கீழே கிடக்கிறார், பின்னணியில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். வாள் பத்தும் அப்படித்தான்: முதுகில் பத்து வாள், ஆனால் அடிவானத்தில் வெளிச்சம். என் பார்வையில் இவற்றைவிடக் கனமானது 16, கோபுரம். மின்னல் விழுகிறது, உச்சியில் இருந்த கிரீடம் பறக்கிறது, இரண்டு பேர் தலைகீழாக விழுகிறார்கள். இதை எதிலாவது பொய்யாக முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறோமா என்று கேட்கப் பயன்படுத்தலாம்.

மற்றவருக்குப் பார்க்கும்போது இவை வந்தால், விளக்கத்தைத் தொடங்கும் முன் முகத்தைப் பாருங்கள். பயந்திருந்தால் முதலில் பயத்தைப் பேசித் தீர்த்துவிட்டு அப்புறம் படத்துக்கு வாருங்கள். யாராவது உடம்பு சரியில்லாமல் இருக்கும் வீட்டில் சீட்டே எடுக்காதீர்கள்.

"அதே அட்டை திரும்பத் திரும்ப வருகிறது"

தினமும் காலையில் ஒரே ஓர் அட்டை எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைச் சொல்வார்கள், கண்ணை அகல விரித்துக்கொண்டு. கணக்கைப் பார்ப்போம். தினம் 78ஐயும் கலைத்து ஒன்று எடுத்தால், ஏழு நாளில் ஏதாவது ஓர் அட்டை இரண்டாம் முறை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பதினோரு நாளில் அது பாதியைத் தாண்டிவிடுகிறது. ஆக, இரண்டாம் முறை வருவது வழக்கம். வராமல் இருப்பதுதான் கொஞ்ச நாளில் அதிசயமாகிவிடும்.

மூன்று நாட்கள் தொடர்ந்து அதே அட்டை என்றால் முதல் சந்தேகம் கலைப்பின் மேல். கையில் வைத்துக் கொத்துக் கொத்தாக மேலே கீழே போடுவது பெரும்பாலானவர்களின் வழக்கம். அது சீட்டை மிக மெதுவாகத்தான் கலக்கும். இரண்டாகப் பிரித்து, ஓரங்களை விரலால் விட்டு, ஒன்றுக்குள் ஒன்று பின்னவிடுவது நல்லது. 52 சீட்டுக்கு ஏழு தடவை அப்படிச் செய்தால் போதும் என்று கணித அறிஞர்கள் 1992இல் காட்டினார்கள். 78க்கு இன்னும் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். டாரோ அட்டை பெரிது, கை சின்னது என்றால் மேஜையில் துணி விரித்து எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் நன்றாகத் துழாவிச் சேர்த்துவிடுங்கள். அட்டை வளைந்தோ ஓரம் மடங்கியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்த அட்டை விரலில் சீக்கிரம் சிக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் வருகிறது என்றால், சரி, அந்தப் படத்தை இரண்டு நாள் கண்ணாடியில் செருகி வையுங்களேன். நஷ்டம் ஒன்றும் இல்லை.

"எல்லாமே தலைகீழாக வருகிறது"

அட்டையைத் திருப்பும் விதத்தைப் பாருங்கள். புத்தகப் பக்கம் போல இடமிருந்து வலமாகத் திருப்பினால் படம் இருந்தபடியே இருக்கும். அடியைப் பிடித்து மேல்நோக்கிப் புரட்டினால் நேராக இருந்தது தலைகீழாகிவிடும், தலைகீழானது நேராகும். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் பார்க்கும்போதும் யார் பக்கத்திலிருந்து நேர் என்று முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

தலைகீழாக வந்த அட்டைக்கு வேறு பொருள் சொல்லும் வழக்கம் உண்டு. தொடங்கும் காலத்தில் அந்தத் தலைகீழ்ப் பொருளே வேண்டாம் என்பது என் கட்சி. 78 பொருளையே மனம் பிடிக்கத் திணறும்போது 156 எதற்கு? எல்லாவற்றையும் நேராக அடுக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

"பிடிக்காத அட்டை வந்தது, இன்னொன்று எடுத்தேன், அதுவும் பிடிக்கவில்லை"

நிறுத்துங்கள். கட்டை மூடி எடுத்து வையுங்கள். விளக்கம் கேட்கக் கூடுதலாக ஓர் அட்டை எடுக்கலாம், அதுவும் எந்த இடத்துக்கு என்று சொல்லிவிட்டு. இரண்டாவது எடுக்கத் தொடங்கினால் நமக்குப் பிடித்தது வரும் வரை கை நிற்காது. ஒரு கேள்விக்கு ஒரு விரிப்பு. நிலைமையில் ஏதாவது மாறிய பிறகே மறுபடி.

ஒரே விஷயத்துக்குத் தினமும் எடுத்துக்கொண்டிருந்தால், தூக்கம் வராமல் ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்துக்கொண்டிருந்தால், அது சீட்டுக் கோளாறு இல்லை. நம்பிக்கையான ஒருவரிடமோ டாக்டரிடமோ பேசும் நேரம்.

"எல்லாம் அப்படியே எனக்குப் பொருந்துகிறது, ஒரு கோளாறும் இல்லை"

இதையும் கோளாறுப் பட்டியலில்தான் சேர்ப்பேன். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் தன் மாணவர்களுக்கு ஆளுக்கொரு குணவிளக்கம் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதுவும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள்.

"வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கலங்குகிறீர்கள்" என்றால் யாருக்குத்தான் பொருந்தாது? சோதிக்க ஒரு வழி: நீங்கள் எழுதிய விளக்கத்தை அடுத்த வீட்டு அத்தைக்குச் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். அவருக்கும் அப்படியே பொருந்தினால் அது வெறும் தேன் தடவிய பேச்சு. உங்கள் வேலை, உங்கள் வீட்டு ஆட்கள், இந்த வாரம் நடந்தது என்று ஏதாவது ஒன்றைத் தொடும் வரை படத்தையும் இடத்தையும் மறுபடி பாருங்கள்.

"அவர் மனதில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன், சண்டையில் முடிந்தது"

இல்லாதவர் மனதைச் சீட்டில் தேடாதீர்கள். மாமியார் என்ன நினைக்கிறார், கணவர் யாரோடு பேசுகிறார் என்று விரித்தால் உங்கள் பயம்தான் படமாக வந்து நிற்கும், அதை நீங்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்வீர்கள். "அவரிடம் நான் எதைக் கேட்கத் தயங்குகிறேன்" என்று இடத்தை மாற்றுங்கள். நோய், கர்ப்பம், கோர்ட் வழக்கு, கடன் ஆகிய நான்குக்கும் அந்தந்தத் துறை ஆட்கள் இருக்கிறார்கள்.

"வீட்டில் இதை லோங்கானிஸ் என்கிறார்கள்"

பெரியவர்களுக்குச் சீட்டைப் பார்த்ததும் லோங்கானிஸ், அதாவது சூனியம், ஞாபகம் வருவது நம் ஊரில் இயல்பு. வாதம் செய்து பயனில்லை. பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு படத்தைக் காட்டி "இதில் என்ன நடக்கிறது பாட்டி" என்று கேளுங்கள். உங்களைவிட நன்றாகக் கதை சொல்வார். சாமி அறையில் சீட்டை வைக்காதீர்கள். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் தொடாமல் இருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னால், தொடாமல் இருங்கள். டாரோவுக்கு நல்ல நாள், கெட்ட நாள் எதுவும் கிடையாது, அது கோபித்துக்கொள்ளாது.

"பார்க்கப் போன இடத்தில் தோஷம் இருக்கிறது, கழிக்கப் பணம் கொண்டு வா என்கிறார்கள்"

எழுந்து வந்துவிடுங்கள். 78 அட்டைகளில் தோஷம் என்ற அட்டையும் இல்லை, பரிகாரம் என்ற அட்டையும் இல்லை. முதல் தடவை குறைந்த பணம், அடுத்த தடவை "யாரோ உங்களுக்குச் செய்துவிட்டார்கள்", அதற்கடுத்து பெரிய தொகை, வீட்டில் சொல்லக் கூடாது என்ற நிபந்தனை. இந்த வரிசை தொடங்கினால் ஒரே வேலை, வீட்டில் சொல்வது. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், மிரட்டினால், போலீஸிடம் போங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

"அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன"

கியூர்பீப், வக்வா பக்கம் இருப்பவர்களுக்கு இது நிச்சயம் வரும். மேட்டு நிலத்து ஈரமும் தூறலும் அட்டைத் தாளை ஊறவைத்துவிடும். ஓரம் மேல்நோக்கி வளையும், இரண்டு அட்டை ஒன்றாக வரும். ஜன்னல் ஓரத்திலும் சமையலறை அலமாரியிலும் வைக்காதீர்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்தால் போதும். வளைந்துவிட்டால் கனமான புத்தகத்துக்கு அடியில் இரண்டு நாள். வெயிலில் காயவைத்தால் நிறம் போய்விடும். கையில் எண்ணெய் தடவியிருக்கும்போது தொடாதீர்கள். முகப் பவுடர் போடும் யோசனையை யாராவது சொல்வார்கள். வழவழப்பு வரும், கூடவே அட்டை முகமெல்லாம் வெள்ளையாகும்.

கலைக்கும்போது இரண்டு ஒட்டி விழுந்தால் சகுனம் என்று இரண்டையும் படிக்க வேண்டாம். பிரித்து, கட்டுக்குள் திரும்பப் போட்டு, மறுபடி கலையுங்கள். மாதம் ஒரு தடவை 78ம் இருக்கிறதா என்று எண்ணியும் பாருங்கள். ஒன்று தொலைந்திருந்தால், பல கட்டுகளில் விளம்பரத்துக்காகக் கூடுதலாக ஒன்றிரண்டு வெற்று அட்டைகள் வரும். அதில் பேனாவால் பெயரை எழுதிச் சேர்த்துவிடலாம்.